கண்டெடுத்தவரும் கொள்ளையடித்தவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

இரண்டு புகைப்படங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இரண்டும் 2005 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எடுத்தவை. ஆகஸ்ட் 29ஆம் தேதி திங்கட்கிழமை கட்ரீனா புயல் கரையைக் கடந்தது. புயல் செய்த சேதத்தைவிட, நகரத்தைக் காக்கக் கட்டியிருந்த வெள்ளத் தடுப்புச் சுவர்களும் கரைகளும் உடைந்ததால் வந்த சேதம்தான் அதிகம். நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. மொத்தம் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள்.

முதல் படத்தில் ஒரு கறுப்பின இளைஞர். மார்பளவுத் தண்ணீரில், கையில் குளிர்பானமும் ஒரு பையுமாக நடந்து வருகிறார். ஏ.பி. செய்தி நிறுவனம் அந்தப் படத்துக்குக் கீழே, அவர் மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறார் என்று எழுதியது.

இரண்டாவது படத்தில் ஓர் ஆண், ஒரு பெண். வெளிர் நிறத்தவர்கள். அதே மார்பளவுத் தண்ணீர். கையில் ரொட்டியும் குளிர்பானமும். ஏ.எஃப்.பி. வழியாக வந்த அந்தப் படத்தின் கீழே, இவர்கள் மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் குளிர்பானமும் கண்டெடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று இருந்தது.

இரண்டு படமும் யாகூ செய்திப் பக்கத்தில் வந்தன. யாரோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நான் நடத்திய ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் நினைவிருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். தண்ணீர் ஒன்று. கடை ஒரே மாதிரி. பசி ஒரே மாதிரி. எழுவாயின் நிறம் மாறியதும் வினைச்சொல் மாறிவிட்டது.

உடனே "பார், வெள்ளைக்காரன் புத்தி" என்று முடித்துவிடாதீர்கள். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள், நிறுவனங்களும் வேறு. அந்த இளைஞர் கடைக்குள் போய்ப் பொருளை எடுத்து வந்ததைத் தங்கள் புகைப்படக்காரர் கண்ணால் பார்த்தார், அதனால்தான் அப்படி எழுதினோம் என்று ஏ.பி. விளக்கம் சொன்னது. மற்றப் படத்தை எடுத்தவரோ, கடையிலிருந்து பொருள்கள் தண்ணீரில் மிதந்து வந்தன, அவர்கள் அதைத்தான் எடுத்தார்கள் என்றார். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் யார்மீதும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? கதவைத் திறந்து உள்ளே போய் எடுத்தால் அது கொள்ளை, வாசலில் மிதந்ததை எடுத்தால் கண்டெடுப்பு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு ரொட்டிக்கும் காசு கொடுக்கவில்லை. காசு வாங்கக் கடையில் ஆளும் இல்லை. "கடையிலிருந்து உணவு எடுத்து வந்தார்" என்று இரண்டு படத்துக்கும் எழுதியிருந்தால் யாருக்கு என்ன நட்டம்? பார்த்ததை மட்டும் சொல்லும் சாதாரண வினைச்சொல் ஒன்று கையருகே இருக்கும்போது, தீர்ப்புச் சொல்லும் வினைச்சொல் ஏன் முந்திக்கொண்டு வருகிறது? அந்த முந்துதலில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சின்னச் சங்கதி. அந்த ஆங்கிலச் சொல் "லூட்". அது பிறப்பிலேயே ஆங்கிலம் இல்லை. இந்தியிலிருந்து, கம்பெனிக்காரர்கள் இங்கே இருந்த காலத்தில் அவர்கள் மொழிக்குப் போனது. இங்கிருந்து கப்பலேறிய பொருள்களோடு சொல்லும் ஏறிப் போய்விட்டது. அதைக் கடைசியில் பசியோடு தண்ணீரில் நடந்த ஒரு பையன்மீது ஒட்டினார்கள்.

சரி, ஒரு வினைச்சொல்லால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். என்ன ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

புயலுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் ரே நாகின் உத்தரவிட்டார். கார் இருந்தவர்கள் போய்விட்டார்கள். அந்த நகரத்தில் நான்கில் ஒரு குடும்பத்துக்கு மேல் கார் கிடையாது. அதுவோ மாதக் கடைசி. மாதப் பணத்தை நம்பி இருப்பவர்கள் கையில் என்ன இருக்கும்? மாதக் கடைசி என்றால் என்ன என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டாம். நகரத்து மக்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஏழைகளும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆக, தங்கியவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மத்தியப் பேரிடர் நிறுவனத்தின் தலைவராக இருந்த மைக்கேல் பிரவுன், இவர்கள் வெளியேறாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்ற தோரணையில் தொலைக்காட்சியில் பேசினார். போக முடியாதவர் போக விரும்பாதவர் ஆகிவிட்டார். இங்கேயும் மாறியது ஒரு வினைச்சொல்தான்.

ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு. கூரைமேல் ஏறி நின்றுகொண்டு மக்கள் துணியை ஆட்டிக்கொண்டிருந்த நேரம். தொலைக்காட்சியைத் திறந்தால் கொள்ளை, கொள்ளை என்றே செய்தி. மேயர் சுமார் 1,500 போலீஸ்காரர்களிடம், மீட்புப் பணியை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கப் போங்கள் என்று உத்தரவிட்டார். கொள்ளை நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு கடையில் போலீஸ்காரர்களே பொருள் எடுத்ததும் காமிராவில் பதிவானது. ஆனால் அந்த இரவில் கூரைமேல் நின்ற ஒரு கிழவியையும் ஒரு டி.வி. பெட்டியையும் தராசில் வைத்தார்கள். டி.வி. பெட்டி கனத்தது.

சூப்பர்டோம் என்ற மூடிய விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். மின்சாரம் இல்லை, கழிப்பறை நிரம்பி வழிந்தது, குடிக்கத் தண்ணீர் போதவில்லை. வெளியே வந்த செய்தியோ வேறு. உள்ளே கொலை நடக்கிறது, குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை, உடல்கள் குவிந்து கிடக்கின்றன என்றார்கள். மேயரும் போலீஸ் தலைவர் எட்டி காம்பஸும் ஓப்ரா வின்ஃபிரே நிகழ்ச்சியில் இதையே சொன்னார்கள். கவனியுங்கள், இவர்கள் இருவரும் கறுப்பினத்தவர்கள்தாம். ஒரு கூட்டத்தைப் பற்றிய கெட்ட படம் எவ்வளவு ஆழமாகப் பதிந்துவிடுகிறது என்றால், அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்களே அதை நம்பிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பாகுபாடு என்பது எப்போதும் எதிரியின் வாயிலிருந்தே வரும் என்று நினைக்காதீர்கள்.

பிறகு என்ன தெரிந்தது? சூப்பர்டோமில் 200 உடல்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, குளிரூட்டிய பெரிய லாரியோடு மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரங்குக்குள் இறந்தவர்கள் 6 பேர். நால்வர் நோயாலும் முதுமையாலும், ஒருவர் போதை மருந்தால், ஒருவர் தற்கொலை. கொலை ஒன்றுகூட இல்லை. மாநாட்டு மையத்தில் கிடைத்த உடல்கள் நான்கு. அவற்றில் ஒன்றுதான் கொலையாக இருக்கலாம் என்றார்கள். இதையெல்லாம் ஒரு மாதம் கழித்து விசாரித்து எழுதியது அந்த ஊர்ப் பத்திரிகையான டைம்ஸ் பிக்காயூன். தாங்களே முன்பு அச்சிட்ட வதந்தி ஒன்றும் பொய் என்பதைச் சேர்த்தே எழுதினார்கள். புயல் சமயத்துப் பணிக்காக அடுத்த ஆண்டு அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட அந்தத் திருத்தம்தான் பெரிதாகப் படுகிறது. ஆனால் முதல் செய்தியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் பார்த்திருப்பார்கள்?

அதற்குள் காரியம் நடந்து முடிந்துவிட்டது. ஹெலிகாப்டரை நோக்கிச் சுட்டார்கள் என்று செய்தி பரவியதும் சூப்பர்டோமிலிருந்து மக்களை வெளியேற்றும் வேலை தடைப்பட்டது. செப்டம்பர் முதல் தேதி, ஆற்றுப் பாலம் வழியாக நடந்தே பக்கத்து ஊருக்குப் போகப் பார்த்தவர்களைக் கிரெட்னா ஊர்ப் போலீஸ் துப்பாக்கியோடு மறித்தது. தலைக்குமேல் சுட்டுத் திருப்பி அனுப்பியது. குடிக்கத் தண்ணீர் தேடி வந்தவர்களைக் கொள்ளைக்காரர்களாகப் பார்த்த கண்ணுக்கு அது தற்காப்பாகத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலம். துப்பாக்கி ஏந்தியவர்களைப் போலீஸ் சுட்டது என்று முதல் செய்தி வந்தது. ஊரே கொள்ளைக்காரர்கள் கையில் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருந்திருக்காது. சுடப்பட்ட ஆறு பேரிடமும் ஆயுதம் ஏதும் இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் 17 வயதுப் பையன். இன்னொருவர் 40 வயதான, மனவளர்ச்சி குன்றியவர். போலீஸ்காரர்கள் பொய் ஆவணம் தயாரித்து மூடி மறைத்தார்கள். வழக்கு பல வளைவுகளில் சுற்றி, 2016இல்தான் ஐந்து பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். பதினொரு ஆண்டுகள். அந்தப் பையன் உயிரோடு இருந்திருந்தால் 28 வயது. என் வகுப்பில் படித்து, கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் வயது.

வினைச்சொல் துப்பாக்கியை எடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் துப்பாக்கியை எடுத்தவர் தான் செய்வது சரி என்று நினைக்க அது வழி போட்டுக் கொடுத்தது.

இன்னொரு சொல் பற்றியும் சொல்ல வேண்டும். வீடிழந்த இவர்களைப் பல செய்திகள் "அகதிகள்" என்று எழுதின. தன் நாட்டுக்குள்ளேயே, வரி கட்டி வாழ்ந்தவர்களை அகதி என்பதா என்று ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற தலைவர்கள் கண்டித்தார்கள். சில பத்திரிகைகள் அந்தச் சொல்லைக் கைவிட்டன. அகதி என்ற சொல்லில் இழிவு ஒன்றும் இல்லை. மண்டபம் முகாமை அறிந்த நமக்கு அது தெரியும். ஆனால் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொல்வதற்கு அது பயன்பட்டபோது அவர்களுக்கு வலித்தது.

ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணன் மகன் அப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களை அந்த ஊரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் தங்கவைத்திருந்தார்கள். அலுவலக நண்பர்களோடு உதவி செய்யப் போனான். டி.வி. செய்தியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பயத்தோடுதான் போனானாம். அங்கே ஒரு பாட்டி அவனிடம் கேட்டது சாப்பாடு இல்லை, பணம் இல்லை. இஸ்திரிப் பெட்டி. பேரனை மறுநாள் ஹூஸ்டனில் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், கசங்கிய சட்டையோடு அனுப்ப மாட்டேன் என்றாராம். "அத்தை, அந்தப் பாட்டி பேசினது அப்படியே உங்களை மாதிரி இருந்தது" என்று ஃபோனில் சொன்னான். அதே ஆஸ்ட்ரோடோமைச் சுற்றிப் பார்த்த முன்னாள் அதிபரின் மனைவி பார்பரா புஷ், இவர்கள் ஏற்கெனவே வசதி இல்லாதவர்கள், அதனால் இது இவர்களுக்கு நன்றாகவே அமைந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். இஸ்திரிப் பெட்டி கேட்ட பாட்டி அவர் கண்ணில் படவில்லை.

இதை அமெரிக்காவின் நோய் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. 1923 செப்டம்பர் 1, ஜப்பானில் காண்டோ பகுதியில் பெரிய நிலநடுக்கம். டோக்கியோவும் யோகஹாமாவும் எரிந்தன. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பத்திரிகைகளும் அதை அச்சிட்டன. தெருத்தெருவாக ஆட்கள் தடியும் வாளுமாக நின்று, வருகிறவர்களை "பதினைந்து யென் ஐம்பது சென்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் கொரியர் என்று கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். கொச்சை வழக்கு பேசிய வெளியூர் ஜப்பானியர்களும் மாட்டிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு திருத்தியவள் நான். உச்சரிப்பைக் கேட்டு ஆளைக் கொன்றார்கள் என்று படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊரும் விலக்கு இல்லை. கட்ரீனாவுக்கு எட்டு மாதம் முன்புதான் நமக்குச் சுனாமி. நாகப்பட்டினத்தை நாம் யாரும் மறக்கவில்லை. செய்திகளில் உடைந்த படகுகளின் படம் வந்துகொண்டே இருந்தது, வர வேண்டியதுதான். ஆனால் படகே இல்லாத கூலித் தொழிலாளிகள், குறிப்பாகத் தலித் மக்கள், நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டதையும், முகாம்களில் ஒதுக்கிவைக்கப்பட்டதையும் அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அங்கே நிறம், இங்கே சாதி. "பாதிக்கப்பட்டவர்" என்ற பெயருக்குள் யாரை நுழையவிடுவது என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி.

பேரிடர்களை ஆராய்வதற்கென்றே அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. 1963இல் ஓஹியோவில் தொடங்கி, பிறகு அங்கே மாறியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான குவாரன்டெல்லி என்ற அறிஞர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது ஒன்றுதான். இயற்கைப் பேரிடர் சமயத்தில் மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், கொள்ளை என்பது நாம் கற்பனை செய்வதைவிட மிகக் குறைவு. நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பாலும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து கொடுத்தாரா, பூட்டை உடைத்தாரா?

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் இருக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு அழைத்தாள். "டீச்சர், நிவாரண லாரியிலிருந்து ஜனங்க மூட்டையை எடுக்கிற வீடியோ வந்திருக்கு. 'சூறையாடினர்'னு போடச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. வேற என்ன போடலாம்?" என்றாள்.

"நீ என்னம்மா பார்த்த?"

"லாரி நிக்குது. ஆளுங்க மூட்டையை இறக்கி எடுத்துட்டுப் போறாங்க. யாரும் யாரையும் அடிக்கல."

"அப்ப அதையே போடு. 'எடுத்துச் சென்றனர்'னு போடு. பார்க்கிறவங்க புத்திசாலிங்கதான், மீதியை அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

அப்படியே போட்டாளாம். மேலதிகாரி முணுமுணுத்தாராம், ஆனால் மாற்றவில்லை. அன்று ஓய்வூதியத்தோடு ஒரு மாதச் சம்பளமும் சேர்த்து வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

உங்களில் செய்தித் துறையில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் ஃபோன் எல்லார் கையிலும் இருக்கிறது. வெள்ளம் வந்த இரண்டாம் நாளே "வெளியூர்க்காரங்க திருடுறாங்க, ஜாக்கிரதை" என்று குரல் பதிவு ஒன்று குடும்பக் குழுவில் வந்து விழும். யார் பேசினார், எந்த ஊர், எந்தத் தேதி, ஒன்றும் இருக்காது. நல்ல எண்ணத்தில்தான் நாம் அனுப்புவோம். அந்த வெளியூர்க்காரர் நம் வீட்டு மாடியைக் கட்டியவர். தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர். முதலில் மூழ்குவதும் அந்தக் கொட்டகைதான். அவர் தண்ணீரில் நடந்து வரும்போது கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தால், நாம் அனுப்பிய அந்தக் குரல் பதிவைக் கேட்டவர்கள் அவரை என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை புயல், வெள்ளம் என்று செய்தி வரும்போது, வினைச்சொற்களுக்கு அடியில் மனதுக்குள் கோடு போடுங்கள். அது பார்த்ததைச் சொல்கிறதா, தீர்ப்பைச் சொல்கிறதா? அதே காரியத்தை உங்கள் தம்பி செய்திருந்தால் அதே சொல்லைப் போட்டிருப்பார்களா? பதில் தெரியாவிட்டால் அதை அனுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பாததால் யாரும் சாகப்போவதில்லை.

கிடைத்த எடுத்துக்காட்டுகளைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். பழைய வழக்கப்படி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். எழுத்துப் பிழைக்கு இப்போதும் மதிப்பெண் குறைப்பேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்